குரூப் டூரில் போனால் ஜப்பானியக் கலாசாரம் கைக்கு எட்டுமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். கோவையிலிருந்து நீங்களும் அம்மாவும் ஒன்பது நாள் ஜப்பான் போக நினைக்கிறீர்கள். அம்மாவுக்கு அறுபத்தைந்து தாண்டிவிட்டது, முட்டைகூடத் தொடாத சைவம், மாடிப்படி என்றால் முழங்கால் மக்கர் செய்யும். ‘ஜப்பானியக் கலாசார அனுபவம்’ என்று தலைப்புப் போட்ட இரண்டு பேக்கேஜ் நோட்டீஸ்கள் கையில் இருக்கின்றன. கைடோடு கூடிய குழுவில் சேர்ந்தால் அந்த அனுபவம் நிஜமாகவே கிடைக்குமா, இல்லை கொடி பிடித்தவர் பின்னால் ஓடி ஓடிப் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவதோடு சரியா என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கூட்டமாகப் போவதே கலாசாரத்துக்கு இடைஞ்சலா என்பது ஒன்று. அந்த இரண்டு நோட்டீஸும் கொடுக்கிற காசுக்குத் தேறுமா என்பது இன்னொன்று. முதலாவதற்கு அடித்துச் சொல்லக்கூடிய பதில் என்னிடம் இருக்கிறது. இரண்டாவதற்கு, நோட்டீஸை எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்லித்தர முடியும்.

நான் ஒசாகாவில் குடியிருக்கிறேன். சென்னை, கோவை, சிங்கப்பூர் பக்கமிருந்து வரும் குழுக்களோடு டூர் மேனேஜராகப் போய்வருவது பல வருடமாக என் தொழில். குழுப் பயணம்தான் எனக்குச் சோறு போடுகிறது என்பதையும், எனக்குப் பழக்கமான பகுதி கியோட்டோ, நாரா, ஒசாகா சுற்றுவட்டாரம் என்பதால் சாய்வு அந்தப் பக்கமே இருக்கும் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு மேற்கொண்டு படியுங்கள்.

கூட்டமாக, ஒரு வழிகாட்டிக்குப் பின்னால் போவது ஜப்பானுக்கு வெளியிலிருந்து வந்த பழக்கம் என்று நினைத்தால் தப்பு. ‘எடோ’ எனப்படும் ஆட்சிக் காலத்தில், அதாவது 1603 முதல் 1868 வரை, ஊர் ஊருக்கு ‘கோ’ என்ற சங்கங்கள் இருந்தன. கிராமத்தார் மாதாமாதம் கொஞ்சம் பணம் போட்டு, சீட்டுக் குலுக்கி, பெயர் விழுந்தவர்களை ஊர் சார்பாக இசே ஆலயத்துக்கு அனுப்பிவைப்பார்கள். அங்கே ‘ஓஷி’ எனப்பட்ட பூசாரி வகையறா அவர்களை எதிர்கொண்டு அழைத்து, தன் வீட்டிலேயே தங்கவைத்து, விருந்து போட்டு, தரிசனம் முடித்து அனுப்புவார். இன்றைய டிராவல் ஏஜென்ட் செய்கிற வேலை முழுவதும் அதில் இருந்தது. 1830-இல் சில மாதங்களுக்குள் 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இசேக்குப் போனதாகக் கணக்கிடுகிறார்கள். அப்போது நாட்டின் மொத்த ஜனத்தொகையே சுமார் 3 கோடிதான். 1905-இல் ஷிகா மாநிலத்தின் குசாட்சு ஊரில் தொடங்கிய நிப்பான் டிராவல் ஏஜென்சியின் ஆரம்ப வியாபாரமும் கோயாசான் என்ற கோயில் மலைக்கும் இசேக்கும் ஆட்களைக் குழுவாக ரயிலில் கூட்டிப்போனதுதான். இன்றைக்கும் எந்தப் பெரிய கோயில் வாசலிலும் சின்னக் கொடியைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கும் கைடும், பின்னால் வரிசையாக நிற்கும் ஜப்பானியப் பெரியவர்களும் கண்ணில் படுவார்கள். ஆகவே குழுவில் சேர்வதால் கலாசாரத்திலிருந்து விலகிவிடுவோமோ என்ற கவலையை விட்டுவிடலாம்.

கெடுப்பது நேரம். பேக்கேஜில் எத்தனை இடம் என்று எண்ணாதீர்கள், ஒரு இடத்தில் எத்தனை மணி நேரம் என்று எண்ணுங்கள். நம் ஊரில் விற்கும் பெரும்பாலான ஜப்பான் பேக்கேஜ்கள் ‘கோல்டன் ரூட்’ என்ற ஒரே தடத்தில் ஓடுகின்றன. டோக்கியோ, ஹகோனே அல்லது ஃபூஜி மலைப் பக்கம், கியோட்டோ, நாரா, ஒசாகா, முடிந்தால் ஹிரோஷிமா. கோவையிலிருந்து கிளம்பினால் வழக்கமாக சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக் போல எங்காவது மாறித்தான் போக வேண்டும் என்பதால் முதல் நாளும் கடைசி நாளும் கணக்கிலேயே வராது. மிச்சம் ஏழு நாள். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்குச் சாலை வழியாகச் சுமார் 450 கிலோமீட்டர். பஸ்ஸிலேயே கொண்டுபோகிறார்கள் என்றால் ஒரு பகல் முழுக்க அதற்கே சரி. ஷின்கான்சென் என்ற புல்லட் ரயிலில், அதிலும் வேகமான நொசோமியில், இரண்டேகால் மணி நேரம். அப்புறம் ‘கியோட்டோ: கின்காகுஜி, அராஷியாமா, ஃபுஷிமி இனாரி, மாலையில் நாரா’ என்று ஒரே வரியில் எழுதியிருப்பார்கள். முதல் மூன்றும் நகரத்தின் வெவ்வேறு மூலைகள், நாரா வேறு ஊர். பஸ்ஸிலிருந்து இறங்கி, ஆள் எண்ணி, டாய்லெட் போய், டிக்கெட் வாங்கி உள்ளே போனால் கின்காகுஜியில் உங்களுக்கு முப்பது நிமிடம் தேறும். தங்க மண்டபத்தைப் பார்ப்பீர்கள், அதன் குளத்தைச் சுற்றிக் கூட்டம் தள்ளத் தள்ள நடப்பீர்கள், வெளியே வந்துவிடுவீர்கள். அந்த மண்டபம் 1950-இல் ஒரு இளம் துறவி வைத்த தீயில் எரிந்து, 1955-இல் திரும்பக் கட்டப்பட்டது என்பதைச் சொல்லக்கூட கைடுக்கு வாய்ப்பு இருக்காது. கியோட்டோவில் ஒரே ஒரு இரவு போட்டிருக்கும் நோட்டீஸை ஓரமாக வைத்துவிடுங்கள். மூன்று இரவாவது இருந்தால் மேலே பேசலாம்.

அடுத்து சாப்பாடு. உங்கள் கேள்வியில் இதைப் போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் பயணத்தின் தலையெழுத்தை எழுதுவது இதுதான். ‘தினமும் இந்திய மதிய உணவு, இரவு உணவு’ என்பது நம்மவர்களைக் கவரும் வரி. அதன் விலை என்னவென்றால், நீங்கள் எங்கே இருந்தாலும் அந்த ஊரில் பஸ் நிறுத்த வசதியுள்ள இந்திய ஓட்டல் எங்கே இருக்கிறதோ அங்கே போய்த்தான் ஆக வேண்டும். போக வர நேரம் போகும், ஜப்பானியச் சாப்பாட்டைக் கண்ணால்கூடப் பார்க்காமல் ஊர் திரும்புவீர்கள். அதே சமயம், அம்மாவைச் சாதாரணக் கடைக்குக் கூட்டிப்போய் ‘காய்கறி மட்டும்’ என்று கேட்டு வாங்குவதும் நடக்காத காரியம். ‘தாஷி’ என்கிற சாறுதான் அந்தச் சமையலின் அடிப்படை, அது பெரும்பாலும் காட்சுவோ என்ற மீனைப் புகையூட்டி உலர்த்திச் சீவிய சீவலில் எடுப்பது. மிசோ சூப், சோபா நூடுல்ஸின் சாறு, டெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளத் தரும் சாஸ், கீரைப் பொரியல் போலத் தோன்றும் சின்னக் கிண்ணம், எல்லாவற்றிலும் அது இருக்கலாம். பரிமாறுகிறவர் பொய் சொல்ல மாட்டார். மீன் துண்டு கண்ணில் படாததை அவர் சைவம் என்று எடுத்துக்கொள்வார், அவ்வளவுதான்.

இதற்கு ஜப்பானுக்குள்ளேயே ஒரு பதில் இருக்கிறது: ஷோஜின் ரியோரி என்னும் பௌத்த மடத்துச் சாப்பாடு. மீன், இறைச்சி கிடையாது. வெங்காயம், பூண்டும் சேர்ப்பதில்லை. சாறுகூட கொம்பு என்ற கடல்பாசியிலும் உலர்ந்த ஷீதாகே காளானிலும் எடுப்பார்கள். கியோட்டோ அராஷியாமாவில் தென்ரியூஜி கோயில் வளாகத்துக்குள் இருக்கும் ஷிகெட்சு உணவகத்தில் மதியம் இது கிடைக்கும். ஆனால் முழுமையாக அனுபவிக்க கோயாசான் போக வேண்டும். உங்கள் இரண்டு நோட்டீஸிலும் கோயாசான் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அம்மாவை மனதில் வைத்துப் பார்த்தால் எனக்கு அதுதான் பெரிய குறையாகத் தெரிகிறது.

கோயாசான் ஒசாகாவுக்குத் தெற்கே சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருக்கும் மலை ஊர். சீனா போய் மந்திர பௌத்தம் கற்றுத் திரும்பிய கூகாய், 816-இல் பேரரசரிடம் அனுமதி வாங்கி அங்கே மடம் அமைத்தார். இப்போது ஐம்பதை ஒட்டிய எண்ணிக்கையில் கோயில்கள் பயணிகளுக்குத் தங்க இடம் தருகின்றன. இதற்கு ‘ஷுகுபோ’ என்று பெயர். மாலை ஐந்தரை, ஆறு மணிக்கெல்லாம் இரவுச் சாப்பாடு வந்துவிடும். சிவப்பு அரக்குப் பூசிய சின்னச் சின்னக் கால் தட்டுகளில் எள்ளிலிருந்து செய்த கோமாதோஃபு, பனியில் உறைய வைத்து உலர்த்திய கோயாதோஃபு, டெம்புரா, சோறு, ஊறுகாய். உப்பு குறைவு, காரம் அறவே இல்லை, அம்மாவுக்கு முதலில் சப்பென்று இருக்கும். பையில் ஒரு பருப்புப் பொடி டப்பா இருந்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். காலை ஆறு, ஆறரைக்குச் சன்னிதியில் பாராயணம். சில கோயில்களில் அதைத் தொடர்ந்து ‘கோமா’ செய்வார்கள். நம் ஹோமமேதான். இந்தியாவிலிருந்து தந்திர பௌத்தத்தோடு சீனா போய், அங்கிருந்து ஜப்பானுக்குப் போனது. துறவி சமித்துக் குச்சிகளை அடுக்கி, நெய்க்குப் பதில் எண்ணெய் விட்டு, தீ மேலே எழ எழ மந்திரம் சொல்வார். பின்னால் ஒருவர் பெரிய தாய்கோ மேளத்தை அடித்துக்கொண்டிருப்பார். எங்கள் குழுவில் வந்த பெரியவர்கள் யாருக்கும் அந்த இடத்தில் விளக்கம் தேவைப்பட்டதே இல்லை.

அங்கேயே ஒக்குனோயின் என்ற கல்லறைக் காடு இருக்கிறது. வானளாவிய சிடார் மரங்களுக்கு நடுவே இரண்டு கிலோமீட்டர் பாதை, இருபுறமும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நினைவுக் கற்கள். பிரபுக்களின் கல்லறைகளோடு, கரையான் மருந்தடிக்கும் தொழில் சங்கத்தார் தாங்கள் கொன்ற கரையான்களுக்காக வைத்த கல்லும் உண்டு. பாதையின் கோடியில் இருப்பது கூகாயின் சமாதி. அவர் சாகவில்லை, தியானத்தில் இருக்கிறார் என்பது அங்குள்ளவர்களின் நம்பிக்கை. அதனால் தினமும் காலை 6 மணிக்கும் 10.30 மணிக்கும் மரப்பெட்டியில் சாப்பாடு சுமந்துபோய்ப் படைக்கிறார்கள். 10.30 மணிப் படையலைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு இரவாவது மேலே தங்கினால்தான் அவசரமில்லாமல் முடியும். ஒசாகாவிலிருந்து காலையில் வந்து மாலையில் இறங்கும் குழுக்கள் இதைத் தவறவிடுவதுதான் வழக்கம். அம்மாவின் முழங்காலுக்காக ஒரு எச்சரிக்கை: தங்குமிடம் தத்தாமிப் பாய்த் தரை, படுக்கை தரையில் விரிக்கும் ஃபூத்தோன், பல இடங்களில் பொதுக் குளியலறை. கட்டில் உள்ள அறையும், சாப்பிடும்போது உட்காரச் சின்ன நாற்காலியும் சில கோயில்களில் உண்டு. முன்பதிவு செய்யும்போதே கேட்டு வாங்க வேண்டும், அங்கே போய்க் கேட்டால் கிடைக்காது.

நோட்டீஸில் இருக்கும் ‘டீ செரிமனி’க்கு வருவோம். முறைப்படியான தேநீர் விருந்து, சாஜி, சாப்பாட்டோடு சேர்த்து நான்கு மணி நேரம் ஓடும். விருந்தாளிகள் ஐந்து பேர் இருந்தாலே அதிகம். குழுப் பயணத்தில் தருவது அதன் ஒரு துண்டு, முக்கால் மணி நேரம். முப்பது பேரை உட்காரவைத்து, ஒருவர் முன்னால் ஒருமுறை செய்துகாட்டுவார், பிறகு எல்லோரும் ஆளுக்கொரு மூங்கில் மத்தால் மாட்சா என்ற பச்சைத் தேயிலைப் பொடியைக் கடைந்து குடிப்பார்கள். இது போலியா என்று கேட்டால் இல்லை என்பேன். செய்துகாட்டுகிறவர் பல வருடம் உராசென்கே, ஒமோதேசென்கே போன்ற மரபுகளில் பாடம் படித்தவராகத்தான் இருப்பார். ஆனால் முப்பது பேருக்கும் பத்து பேருக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. உஜி ஊரில் ஆற்றங்கரையில் நகராட்சி நடத்தும் தாய்ஹோஆன் என்ற தேநீர் மனை இருக்கிறது. ஒருமுறை சின்னக் குழு ஒன்றோடு இதே மாதிரி ஒரு தேநீர் அறையில் உட்கார்ந்திருந்தோம். எங்களோடு வந்திருந்த கும்பகோணத்துப் பாட்டி ஒருவர், நடத்திய அம்மாள் இடுப்பில் செருகியிருந்த பட்டுத்துணியை எடுத்து மடித்துத் தேநீர்ச் சிமிழைத் துடைத்த விதத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், ‘அதை இன்னொரு வாட்டி மடிச்சுக் காட்டச் சொல்லு’ என்றார். நான் மொழிபெயர்த்தேன். அந்த அம்மாள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. துணியை விரித்து, மூன்று முறை, ஒவ்வொரு மடிப்பிலும் நிறுத்தி நிறுத்திக் காட்டினார். பாட்டி தன் கைக்குட்டையில் செய்துபார்த்தார். இவர் திருத்தினார். எங்களுக்குக் கால் மணி நேரம் கூடுதலாகப் போனது, அதற்கு அடுத்து இருந்த கடை விஜயத்தை நான் போன் போட்டு ரத்து செய்துவிட்டேன். பத்து பேர் என்பதால் அது முடிந்தது. முப்பது பேர் பஸ்ஸில் அந்தக் கேள்வியைக் கேட்கவே பாட்டிக்குத் தோன்றியிருக்காது.

போகும்முன் ஒன்றிரண்டு தெரிந்துகொண்டால் போதும். இனிப்பை முதலில் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் தேநீர். கிண்ணத்தின் முகப்பு உங்களை நோக்கி வைக்கப்படும், அதில் வாய் வைக்காமல் இருக்கக் கொஞ்சம் திருப்பிக்கொள்ள வேண்டும். கடைசி மடக்கைச் சத்தத்தோடு உறிஞ்சினால் முடிந்தது என்று அர்த்தம். கிண்ணத்தை ரசிப்பதென்றால் குனிந்து, தரையை ஒட்டி வைத்தே பாருங்கள்; அது விலை மதிப்பில்லாததாக இருக்கக்கூடும்.

குழுவோ கைடோ இல்லாமல் திறக்காத கதவுகளும் உண்டு. அவற்றுக்காகக் காசு கொடுப்பது நியாயம். சுமோ வீரர்கள் வசிக்கும் பயிற்சிக்கூடத்தில் காலைப் பயிற்சியைப் பார்ப்பது அதில் ஒன்று. பல கூடங்கள் ஜப்பானிய மொழி தெரிந்த, அறிமுகமான ஒருவர் கூட வந்தால்தான் உள்ளே விடும். பேசாமல், நடுவில் எழுந்து போகாமல், பாதத்தை வளையத்தை நோக்கி நீட்டாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். போட்டியையே பார்க்கலாம் என்றால் வருடத்துக்கு ஆறு, ஒவ்வொன்றும் 15 நாள். ஜனவரி, மே, செப்டம்பரில் டோக்கியோ, மார்ச்சில் ஒசாகா, ஜூலையில் நகோயா, நவம்பரில் ஃபுகுவோகா. கியோட்டோவின் கெய்ஷா விருந்து மனைகளும் முன்பின் தெரியாதவர்களை உள்ளே சேர்ப்பதில்லை. ஏஜென்சி மூலம் ஏற்பாடு செய்யலாம், செலவு கூரையைத் தொடும். ஏப்ரலில் போனால் 1872 முதல் நடந்துவரும் மியாக்கோ ஓதோரி நடன நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்கிப் பாருங்கள், அதே கலைஞர்களை மேடையில் காணலாம். கெய்ஷாக்கள் இருக்கும் கியோன் பேட்டைத் தெருக்களில் மாய்கோவை, அதாவது பயிற்சியில் இருக்கும் இளம் கெய்ஷாவை, துரத்திப் போட்டோ எடுக்கும் வேலை மட்டும் வேண்டாம். அங்குள்ள தனியார் சந்துகளில் 2024 முதல் வெளியாட்கள் நுழையத் தடை, மீறினால் 10,000 யென் என்று போர்டே வைத்திருக்கிறார்கள். கிமோனோ வாடகை, நிஞ்ஜா ஷோ எல்லாம் உங்கள் விருப்பம். அவற்றைக் கலாசாரத் தலைப்பில் போட்டுக் கூடுதல் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கைடு யார் என்பதை ஏஜென்ட் வாயிலிருந்து வரவழையுங்கள். நம் ஊரிலிருந்து கூட வரும் தமிழ் பேசும் டூர் மேனேஜர் வேறு, ஜப்பானில் சேர்ந்துகொள்ளும் கைடு வேறு. ஜப்பானில் 1949 முதல் அரசுத் தேர்வு எழுதி உரிமம் பெற்ற வழிகாட்டிகள் இருக்கிறார்கள். வரலாறு, புவியியல், நடப்பு எல்லாம் அதில் பாடம். 2018 ஜனவரியில் சட்டத்தைத் திருத்தியபின், உரிமம் இல்லாதவரும் காசு வாங்கிக்கொண்டு வழிகாட்டலாம். அந்த உரிமப் பட்டத்தை மட்டும் போட்டுக்கொள்ளக் கூடாது. தேர்வு நடப்பது ஆங்கிலம், பிரெஞ்சு, சீனம், கொரியம், தாய் உட்பட பத்து மொழிகளில், அதில் தமிழும் இல்லை, இந்தியும் இல்லை. ஆகவே ‘உரிமம் பெற்ற தமிழ் கைடு’ என்று யாராவது சொன்னால் அவர் உரிமம் வேறு மொழிக்கு, பெரும்பாலும் ஆங்கிலத்துக்கு, என்று புரிந்துகொள்ளுங்கள். உரிமம் உள்ளவரெல்லாம் நன்றாகச் சொல்வார், இல்லாதவர் சொல்ல மாட்டார் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. இரண்டு வகையிலும் அருமையான ஆட்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் எல்லா ஊருக்கும் ஒரே கைடா, ஊருக்கு ஊர் ஆள் மாறுவாரா, ஒரு கைடுக்கு எத்தனை பேர் என்ற மூன்று கேள்விக்கும் ஏஜென்ட் மழுப்பினால், நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

அந்தக் கைடுகள் பெரும்பாலும் தொடாமல் விடும் ஒரு விஷயம், நமக்கு நெருக்கமானது. நாராவில் தோதாய்ஜி கோயிலின் சுமார் 15 மீட்டர் உயர வெண்கல புத்தருக்கு 752-இல் கண்திறப்பு விழா நடந்தது. தூரிகை பிடித்துக் கண் வரைந்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. 736-இல் ஜப்பான் வந்தவர். அவர் இந்தியர் என்பதில் சந்தேகமில்லை. தென்னிந்தியர் என்றும் சொல்லப்படுகிறது. மதுரைக்காரர் என்று நம் வாட்ஸ்அப் செய்திகள் உறுதியாகச் சொல்வதை நான் அந்த அளவுக்கு எடுத்துக்கொள்வதில்லை. தூரிகையோடு நீண்ட கயிறுகளைக் கட்டி, கூடியிருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு புண்ணியத்தில் பங்கு பெற்றார்கள். அந்தத் தூரிகையும் கயிறும் இன்னும் ஷோசோயின் கருவூலத்தில் பத்திரமாக இருக்கின்றன. டோக்கியோவிலும் ஒன்று இருக்கிறது. அசாகுசாவில் சென்சோஜி கோயிலைப் பார்க்காத குரூப்பே கிடையாது. அங்கிருந்து பத்து நிமிட நடையில், சுமிதா ஆற்றுப் பக்கம், மாட்சுச்சியாமா ஷோதென் கோயில். அங்கே இருப்பவர் நம் பிள்ளையார், ஜப்பானில் காங்கிதென் என்ற பெயரில். மூலவரை யாருக்கும் காட்டுவதில்லை, மோதகத்துக்குப் பதில் வெள்ளை முள்ளங்கி படைக்கிறார்கள், அதைக் கோயிலிலேயே வாங்கிக்கொள்ளலாம். மேடேறச் சின்ன ரயில் பெட்டி ஒன்று ஓடுகிறது, அம்மாவுக்குப் படி ஏறுகிற கஷ்டம் இல்லை. ‘ஃப்ரீ டைம், ஷாப்பிங்’ என்று நகாமிசே கடைத்தெருவில் இறக்கிவிடுவார்களே, அந்த நேரத்தில் போய்வந்துவிடலாம்.

குழுவில் போவதானாலும் உங்களுக்கென்று ஒரு நேரம் உண்டு, அது விடியற்காலை. கியோட்டோவில் கியோமிசு கோயில் காலை 6 மணிக்கே திறந்துவிடும். ஃபுஷிமி இனாரியின் சிவப்புத் தோரண வரிசைக்குப் பூட்டே கிடையாது, டிக்கெட்டும் கிடையாது. பஸ் எட்டரைக்குத்தான் கிளம்பும். பகல் பதினொரு மணிக்கு அந்தத் தோரணங்களுக்குள் தோளோடு தோள் உரசிக்கொண்டு நகர வேண்டும், ஆறரைக்குப் போனால் அலுவலகம் போகும் வழியில் நின்று கும்பிட்டுப் போகும் உள்ளூர்க்காரர்கள் நாலு பேர் இருப்பார்கள். மாறாக, இரவு நிகழ்ச்சிகளைக் குரூப்பில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். 2024 ஏப்ரலிலிருந்து பஸ் ஓட்டுநர்களின் ஓய்வு நேர விதிகள் இறுகிவிட்டன, பணி முடிந்து குறைந்தது ஒன்பது மணி நேர ஓய்வு கட்டாயம். இரவு நீட்டினால் மறுநாள் பஸ் தாமதமாகத்தான் வரும். ஏஜென்ட் அதைத் தவிர்க்கவே பார்ப்பார்.

இதையெல்லாம் வைத்து உங்களுக்கு நான் சொல்வது: ஒன்பது நாளும் ஒரே குழுவோடு கட்டிக்கொள்ள வேண்டாம். கியோட்டோவில் நான்கு இரவு, கோயாசானில் ஒன்று, டோக்கியோவில் இரண்டு, இவ்வளவு போதும். ஓட்டலும் ரயிலும் மட்டும் ஏஜென்ட் பார்த்துக்கொள்ளட்டும். அங்கே போனபின் அரைநாள், ஒருநாள் என்று நடத்தும் சிறு குழுச் சுற்றுகளில் இரண்டு மூன்றில் சேருங்கள். தேநீர் ஒன்று, நாரா ஒன்று, சுமோ வேண்டுமென்றால் அது ஒன்று. பல ஊர்களில் தன்னார்வ வழிகாட்டிகளும் இருக்கிறார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களும் மாணவர்களும் ஆங்கிலம் பழக ஆசைப்பட்டுச் செய்வது. அவர்களுடைய போக்குவரத்தும் நுழைவுக் கட்டணமும் சாப்பாடும் நம் பொறுப்பு, தனியாகச் சம்பளம் கிடையாது. கைடுக்கோ ஓட்டல்காரருக்கோ டிப்ஸ் நீட்டும் வழக்கமும் அங்கே இல்லை. பெரிய பெட்டிகளை ஒரு ஓட்டலிலிருந்து அடுத்த ஓட்டலுக்கு ‘தக்கியூபின்’ என்ற கூரியர் மூலம் முன்கூட்டி அனுப்பிவிட்டால், பெட்டிக்கு இரண்டாயிரம் மூவாயிரம் யென்னோடு மறுநாள் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். கோயாசானுக்குக் கைப்பையோடு ஏறலாம். இந்தத் திட்டத்துக்கு ஜேஆர் பாஸ் என்ற ரயில் பாஸ் வாங்க வேண்டாம். 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000 ஆகிவிட்டது. கியோட்டோ–டோக்கியோ ஒருவழி ஷின்கான்சென் சுமார் 14,000 தான்.

அம்மாவுக்குத் தனியாகச் சுற்றுவதில் பயம், நான்கு தமிழ்க் குரல் கூட இருந்தால்தான் நிம்மதி என்றால், குழுவையே தேர்ந்தெடுங்கள், அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. பன்னிரண்டு, பதினைந்து பேருக்கு மேல் போகாத குழுவா என்று பாருங்கள், கியோட்டோவில் மூன்று இரவு கேளுங்கள், இரண்டு வேளையாவது இந்திய ஓட்டலுக்குப் பதில் ஷோஜின் ரியோரி போடச் சொல்லுங்கள். ஹகோனேயில் ஆன்சென் என்ற வெந்நீர் ஊற்றுக் குளியல் விடுதி இருந்தால், எல்லோரும் உடையில்லாமல் இறங்கும் பொதுக் குளியலுக்கு அம்மா ஒத்துக்கொள்ள மாட்டார். பல விடுதிகளில் குடும்பத்துக்கு மட்டும் முக்கால் மணி நேரம் ஒதுக்கும் தனிக் குளியல் உண்டு, அதை முன்பே கேட்டு வையுங்கள். அங்கே தரும் யுகாதா என்ற பருத்தி அங்கியை இடப்பக்கம் மேலே வரும்படி மடித்துக் கட்டவேண்டும். வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்குக் கட்டும் விதம்.

இன்னொரு தடவை வரும் எண்ணம் இருந்தால் ஷிகோகு தீவின் 88 கோயில் யாத்திரையைக் கவனத்தில் வையுங்கள். நடந்தால் 1,200 கிலோமீட்டர் அளவு. பஸ் குழுவில் பத்துப் பன்னிரண்டு நாளில் முடிப்பார்கள். வெள்ளை மேலாடை, கைத்தடி, ‘செந்தாட்சு’ எனப்படும் அனுபவசாலி முன்னே நிற்க, மொத்தக் குழுவும் ஒரே குரலில் பிரக்ஞாபாரமிதா இருதய சூத்திரம் சொல்லும். குழுவாகப் போவது எப்படி ஒரு சடங்காகவே இருக்கும் என்று பார்க்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

விசா விஷயம்: இந்திய பாஸ்போர்ட்டுக்குக் கட்டாயம் வேண்டும். 2024 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் வசிப்போருக்குச் சுற்றுலா விசா ஈ-விசாவாக வருகிறது, விண்ணப்பம் விஎஃப்எஸ் மையம் வழியாக. விமான நிலையத்தில் அதை இணையத்தில் திறந்து போனில் காட்டச் சொல்வார்கள், அச்செடுத்த தாளையும் ஸ்கிரீன்ஷாட்டையும் நம்பிப் போகாதீர்கள். பேக்கேஜ் தொகையோடு ஏஜென்ட் டிசிஎஸ் என்ற முன்வரி பிடித்தால் அதற்கான சான்றிதழை வாங்கி வையுங்கள், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். நான் சொன்ன கட்டணங்களும் விதிகளும் மாறக்கூடியவை, பணம் கட்டும் வாரத்தில் ஒருமுறை சரிபாருங்கள். அப்புறம் அம்மாவுக்கு நாடா இல்லாத, குனியாமல் கழற்றி மாட்டக்கூடிய ஷூவும், சுத்தமான சாக்ஸ் நாலு ஜோடியும் வாங்கிக்கொடுங்கள். கோயில், தேநீர் அறை, ஷுகுபோ என்று ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது கழற்ற வேண்டியிருக்கும்.